விமானச் சீட்டில் தள்ளுபடி

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் குடியிருக்கிறார். காய்கறிக் கடையில் ஒரு ரூபாய் கூடுதலாகப் போய்விட்டாலும், வீட்டுக்கு வந்து கணக்கைச் சரிபார்த்து, மீண்டும் கடைக்கு நடந்து செல்லக்கூடியவர். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, அவர் கைப்பேசியும் கையுமாக என் வீட்டுக்கு விரைந்து வந்தார்.

"ஸார், இன்று நள்ளிரவோடு முடிந்துவிடுகிறதாம். தில்லிக்குப் பாதிக் கட்டணம் என்று போட்டிருக்கிறான். இந்த விலையில் இன்னும் நான்கு இடங்கள்தாம் பாக்கியாம். பொங்கல் கழிந்து நாங்கள் இருவரும் மகள் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தோம். வாங்கிவிடலாமா?" என்றார்.

நானும் சற்றும் யோசியாமல், "இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? உடனே வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். பிறருக்கு யோசனை சொல்லும் போது நமக்குத்தான் எவ்வளவு துணிவு வந்துவிடுகிறது! அவர் வாங்கிய சீட்டுகள் என்னவாயின என்பதைப் பிறகு சொல்லுகிறேன். அதற்கு முன், விமானக் கம்பெனிகள் எதற்காக இப்படி நாள் குறித்துத் தள்ளுபடி அறிவிக்கின்றன, அதனால் ஆதாயம் யாருக்கு என்பதைச் சற்று ஆராய்வோம்.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளைப் பார்த்திருப்பீர்கள். மாலை ஆறு மணிக்கு மல்லிகை என்ன விலை சொல்லுகிறாளோ, இரவு ஒன்பது மணிக்கு அந்த விலை சொல்லமாட்டாள். கூடையில் எஞ்சிய பூ மறுநாள் வாடிவிடும். ஆகவே, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவாள். விமானத்தின் இருக்கையும் ஒரு விதத்தில் மல்லிகைப் பூப் போன்றதுதான்; உண்மையில் அதனினும் விரைவில் வாடுவது. விமானத்தின் கதவை அடைத்த அந்தக் கணமே, காலியாக உள்ள இருக்கையின் விலை பூஜ்யம். அதைப் பெட்டியில் பூட்டி வைத்து நாளை விற்க இயலாது. மேலும், 180 பேர் அமரக்கூடிய ஒரு விமானம் 120 பேரோடு புறப்பட்டாலும், விமானிக்குச் சம்பளம் அதேதான். இறங்கும் கட்டணம் அதேதான். எரிபொருளிலும் பெரிய வித்தியாசம் இராது. ஆகையால் நூற்றிருபத்தோராவது பிரயாணி எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும், அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு வரவே.

அப்படியானால் பூக்காரியைப் போலவே கம்பெனியும் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்க வேண்டும் அன்றோ? நடப்பது நேர்மாறு. மூன்று மாதத்துக்கு முன் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த இடம், முதல் நாள் இரவு ஒன்பதாயிரம் ஆகிறது. காரணம், கடைசியில் வருகிறவன் யார் என்பதில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பூ வாங்க வருகிறவள், பூ கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் முதல் நாள் இரவு விமானச் சீட்டுக் கேட்கிறவன், தந்தையார் உடல்நிலை மோசம் என்று செய்தி கேட்டவன். அல்லது மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவன். அல்லது கம்பெனிச் செலவில் வியாபாரம் பேசப் போகிறவன். அவன் போய்த்தான் ஆகவேண்டும். எனவே என்ன விலை சொன்னாலும் கொடுப்பான். முன்கூட்டி வருகிறவனோ, மலிவாக இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம், அதுவும் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணுகிறவன். இந்த இரண்டு வகைப் பேரையும் இனம் பிரித்து, முன்னவனிடம் அதிகமும் பின்னவனிடம் கொஞ்சமும் வாங்குவது எப்படி என்பதுதான் விமான வியாபாரத்தின் முழு இரகசியமும்.

இந்த இரகசியத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. பிரிட்டிஷ் விமானக் கம்பெனியான பி.ஓ.ஏ.சி.யில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் என்பவர் 1972-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். அந்தக் கம்பெனி முன்கூட்டிப் பதிவு செய்கிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் அளிக்க விரும்பியது. சலுகை விலையில் எத்தனை இடங்களை விற்கலாம், எத்தனை இடங்களை முழு விலைக்காரர்களுக்கென்று நிறுத்தி வைக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. லிட்டில்வுட் கூறிய விடை மிக எளியது. சலுகை விலை 3,000, முழு விலை 9,000 என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தை இன்றைக்கே மூவாயிரத்துக்கு விற்றுவிட்டால் கையில் மூவாயிரம் நிச்சயம். காத்திருந்தால் ஒன்பதாயிரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். முழு விலைக்காரன் வந்து அந்த இடத்தைக் கேட்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் காத்திரு. அதற்குக் குறைந்தால் இப்போதே விற்றுவிடு. அவ்வளவுதான். இன்று கம்ப்யூட்டர்கள் செய்வது இதே கணக்கின் பேரப்பிள்ளைகளைத்தான். நாள் முழுவதும், ஒவ்வொரு விமானத்துக்கும், ஓயாமல் செய்கின்றன.

இந்தக் கணக்கின் வலிமை எத்தகையது என்பதை அமெரிக்காவில் கண்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி 1977-இல் 'சூப்பர் சேவர்' என்ற பெயரில் சலுகைக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. முன்கூட்டி வாங்கவேண்டும், போன இடத்தில் சில நாள் தங்கித் திரும்பவேண்டும் என்ற நிபந்தனைகளை அதற்கு விதித்தது. உல்லாசப் பிரயாணிக்கு இவை பொருட்டல்ல. திங்கட்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்பும் வியாபாரிக்கோ இவை ஒத்துவரமாட்டா. ஆக, வேலிக்கு அப்புறம் மலிவு, இப்புறம் முழு விலை. மறு ஆண்டில், அதாவது 1978-இல், விமானக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கும் முறையையே அமெரிக்கா சட்டம் இயற்றி விலக்கத் தொடங்கியது. அந்தச் சுதந்திரத்தில் பிறந்தது பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி. 1981-இல் பறக்கத் தொடங்கிய அது, எல்லாருக்கும் எப்போதும் மலிவு என்று நடத்திப் பெரிய கம்பெனிகளைக் கலங்க அடித்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அதே மலிவு விலையைத் தானும் அறிவித்தது. ஆனால் நிபந்தனைகளோடு, குறிப்பிட்ட சில இடங்களுக்கு மட்டுமே. மலிவுக்காரர்கள் இந்தப் பக்கமும் வந்தார்கள். முழு விலைக்காரர்களும் இங்கேயே இருந்தார்கள். எல்லாருக்கும் மலிவாகக் கொடுத்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் நஷ்டத்தில் மூழ்கி, 1987-இல் வேறொரு கம்பெனியோடு கரைந்துபோயிற்று. சிலருக்கு மட்டும் மலிவு என்ற முறை, எல்லாருக்கும் மலிவு என்ற முறையை இப்படி வென்றது. இன்று நாம் காணும் தள்ளுபடி விற்பனைகள் எல்லாம் அந்த வெற்றியின் சந்ததிகள்.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விமானப் போக்குவரத்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அந்தச் சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. அதன்பின் 2003-இல், ராணுவத்தில் காப்டனாக இருந்து ஓய்வு பெற்ற கோபிநாத் 'ஏர் டெக்கான்' கம்பெனியைத் தொடங்கினார். அவர் எழுதிய சுயசரிதையைத் தழுவித்தான் 2020-இல் 'சூரரைப் போற்று' என்னும் தமிழ்ப் படம் வந்தது. ஒரு ரூபாய்க்கு விமானச் சீட்டு என்ற விளம்பரத்தை நம் மக்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் பலர் அதன் உள்ளே ஏறினார்கள். அந்தத் தொண்டைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் கம்பெனி தனித்து நீடிக்கவில்லை. 2008-இல் கிங்ஃபிஷர் கம்பெனியோடு இணைந்தது. கிங்ஃபிஷரும் 2012-இல் பறப்பதை நிறுத்திவிட்டது.

மற்றொரு ரூபாய்க் கதை இன்னும் சுவையானது. 2014 ஏப்ரல் முதல் தேதி, அப்போது சென்னையைச் சேர்ந்த சன் குழுமத்தின் வசம் இருந்த ஸ்பைஸ்ஜெட் கம்பெனி, மூன்று நாள் விற்பனை ஒன்றை அறிவித்தது. அடிப்படைக் கட்டணம் ஒரு ரூபாய், வரிகள் தனி. அந்த மூன்று நாளுக்குள் வாங்கவேண்டும், ஆனால் பிரயாணம் ஜூலை முதல். ஏப்ரல் முதல் தேதி ஆயிற்றே என்று சிலர் நம்பவே இல்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நம்பிற்று. உடனே நிறுத்தும்படி உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு மாதத்துக்கு அப்பாற்பட்ட பிரயாணங்களுக்குப் பதிவு செய்யக்கூடாது என்றும் அந்தக் கம்பெனிக்கு அது கட்டளையிட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததனால் அம்மாதம் 17-ஆம் தேதி அதன் விமானங்கள் பல மணி நேரம் தரையிலேயே நின்றன. மறு ஆண்டுத் தொடக்கத்தில் கம்பெனி கைமாறிப் பிழைத்துக்கொண்டது.

இயக்குநரகம் ஒரு மாத வரம்பு விதித்தது ஏன்? தள்ளுபடி விற்பனையின் மறுபக்கம் இதில்தான் வெளிப்படுகிறது. நாம் ஆடியில் பணம் கட்டித் தை மாதத்தில் பிரயாணம் செய்கிறோம். இடையிலே உள்ள ஆறு மாதமும் அந்தப் பணம் கம்பெனியிடம் இருக்கிறது. வட்டி இல்லை, ஈடு இல்லை, ஜாமீன் இல்லை. பாங்கியில் கடன் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பொதுமக்களிடம் 'பாதிக் கட்டணம்' என்று சொன்னால் ஒரு கேள்வியும் இல்லாமல் ஒரே நாளில் பணம் குவிகிறது. நல்ல நிலையில் உள்ள கம்பெனி இப்படி விற்பதில் தவறில்லை. நொடித்துப்போகும் நிலையில் உள்ள கம்பெனி விற்றால், நாம் கொடுப்பது கட்டணம் அன்று, கைமாற்று. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டியிருந்த பிரயாணிகள் கடன்காரர் வரிசையின் கடைக்கோடியில் நின்று தவித்ததை நாம் பார்த்தோம்.

தள்ளுபடிக்கு இரண்டாவது காரணம் பருவம். நம் நாட்டில் பள்ளி விடுமுறையும் பண்டிகையும் இல்லாத மாதங்களில் விமானங்கள் காலியாக ஓடுகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு மந்தம். பொங்கல் கழிந்து மார்ச் வரை இன்னொரு மந்தம். பெரும்பாலான விற்பனைகள் இந்த மாதங்களின் இருக்கைகளை விற்பதற்கே. பொங்கலுக்கு ஊருக்கு வரவேண்டும் என்று தில்லியிலும் மும்பையிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் துடிக்கிறார்களே, அவர்களுக்கு இந்தத் தள்ளுபடியில் இடம் இராது. விளம்பரத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'பண்டிகை நாட்கள் நீங்கலாக' என்று இருக்கும்.

இனி, 'பாதிக் கட்டணம்' என்றால் எதில் பாதி? இதுதான் நான் அன்று ஆசிரியரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துணிக்கடையில் ஒரு புடவைக்கு ஒரு விலை உண்டு; ஆடித் தள்ளுபடியில் அந்த விலையில் இத்தனை பங்கு குறைவு என்று சொன்னால் பொருள் இருக்கிறது. (துணிக்கடையிலும் ஆனி மாதக் கடைசியில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டுகிறவர்கள் உண்டு என்று என் மனைவி சொல்லுவாள், அது வேறு விஷயம்.) விமானத்தில் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் ஆறு பேர் ஆறு விலை கொடுத்திருப்பார்கள். விலைகளைப் படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, படிக்கு இத்தனை இடம் என்று கம்பெனி ஒதுக்கி வைக்கிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். விற்பனை என்பது, பல சமயங்களில், எப்போதும் இருக்கிற கீழ்ப்படியை முரசறைந்து காட்டுவதுதான். 'பாதி' என்று சொல்லும்போது அவர்கள் ஒப்பிடுவது எந்தப் படியோடு என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அதோடு, தள்ளுபடி பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தில் மட்டுமே. விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சாதாரண வகுப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை உண்டு. பிறகு, ஜன்னலோரம் வேண்டுமானால் அதற்கு ஒரு தொகை. 15 கிலோவுக்கு மேல் சாமான் இருந்தால் அதற்கு ஒரு தொகை. பணம் கட்டும் வசதிக்காகவே ஒரு தொகை! ஐரோப்பிய யூனியன் 2008-ஆம் ஆண்டு விதியினாலும், அமெரிக்கா 2012 ஜனவரி முதலும், வரியெல்லாம் சேர்த்து முழு விலையைத்தான் விளம்பரத்தில் காட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தின. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், பதின்மூன்று வகையான ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. முதலில் குறைந்த விலையைக் காட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுவது அவற்றுள் ஒன்று. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவது மற்றொன்று. 'இன்னும் நான்கே இடங்கள்' என்பது பொய்யாக இருந்தால் அது குற்றம். ஆனால் அந்த விலைப்படியில் மெய்யாகவே நான்கு இடங்கள் இருக்கலாம். அது தீர்ந்தபின் நூறு ரூபாய் கூடுதலான அடுத்த படியில் நாற்பது இடங்கள் இருக்கலாம். சொன்னது பொய்யன்று, நம் நெஞ்சு படபடத்ததும் வீணன்று, அவர்களுக்கு.

இப்போது ஆசிரியரின் கதைக்கு வருகிறேன். போக இரண்டு, வர இரண்டு ஆக நான்கு சீட்டுகள் வாங்கினார். ஒன்றுக்கு அடிப்படைக் கட்டணம் 3,300, வரி முதலியன 900, ஆக 4,200. மொத்தம் 16,800 ரூபாய். மார்கழி மாதத்தில் கோலம் போட இறங்கிய அவர் மனைவியார் படியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆறு வாரம் நடக்கக்கூடாது என்றார் டாக்டர். சீட்டை ரத்து செய்தபோது அடிப்படைக் கட்டணம் முழுவதும் ரத்துக் கட்டணமாகப் போயிற்று. தேதியை மாற்றலாம் என்றால், அதற்குரிய கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்ந்து புதுச் சீட்டின் விலைக்கே வந்தன. வரிப்பணத்தையும் இழந்தோம் என்றே அவர் எண்ணியிருந்தார். நல்ல வேளையாக, 2016-இல் இயக்குநரகம் வகுத்த விதி ஒன்று உண்டு. எப்படிப்பட்ட சலுகைச் சீட்டாக இருந்தாலும், ரத்து செய்தாலும், போகாமலே இருந்துவிட்டாலும், வரியும் விமான நிலையக் கட்டணங்களும் பிரயாணிக்குத் திரும்பவேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் தாண்டக்கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. எழுதிக் கேட்டதில் 3,600 ரூபாய் வந்தது.

கணித ஆசிரியர் சும்மா இருப்பாரா? பிரயாணத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு, அதே விமானத்தின் அன்றைய சாதாரண விலையைப் பார்த்து வைத்திருந்தார். 4,500 ரூபாய். அதாவது, ஐந்து மாதத்துக்கு முன்பே வாங்கியதால் ஒரு சீட்டில் மிச்சம் 300 ரூபாய். போகமுடியாமல் போனதால் நஷ்டம் 3,300 ரூபாய். ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"பன்னிரண்டு தடவை இப்படி முன்கூட்டி வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு தடவை போய்விட்டு வந்தால், தடவைக்கு முந்நூறாக மூவாயிரத்து முந்நூறு மிச்சம். ஒரே ஒரு தடவை போகமுடியாவிட்டால் அந்த மூவாயிரத்து முந்நூறும் போயிற்று. ஆக, பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் தடைபடும் என்று சந்தேகம் இருந்தால், இந்தத் தள்ளுபடி எனக்கு நஷ்டம். எழுபது வயதில், ஆறு மாதம் தள்ளி வைத்த பிரயாணத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதானா சந்தேகம்?"

லிட்டில்வுட் கம்பெனிக்காகப் போட்ட கணக்கை, எங்கள் ஆசிரியர் பிரயாணிக்காகப் போட்டுவிட்டார்! நான் அவருக்கு லிட்டில்வுட்டைப் பற்றிச் சொன்னபோது, "அவன் விற்பதற்கு முன்பே போட்டான், நான் வாங்கிய பிறகு போட்டேன்" என்றார்.

இதனால் தள்ளுபடியே கூடாது என்று ஆகிவிடாது. மிச்சம் 300 ஆக இல்லாமல் 3,000 ஆக இருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தாலும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. பிரயாணம் ஏற்கெனவே முடிவு செய்தது, நாள் முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை, உடம்பில் தெம்பு இருக்கிறது, உத்தியோகத்தில் விடுப்பு நிச்சயம் என்றால், மந்த காலத்து விற்பனை மெய்யாகவே மலிவுதான். கல்லூரி மாணவர்களும், குழந்தை குட்டி இல்லாத இளைஞர்களும் இதனால் காணாத ஊரெல்லாம் கண்டு வருகிறார்கள். ஆனால் மிச்சம் எவ்வளவு என்பதை விளம்பரத்தைப் பார்த்து அறிய முடியாது. போகவேண்டிய ஊருக்கு இரண்டு மூன்று வாரம் நாள்தோறும் விலையைப் பார்த்துக் குறித்து வைத்தவனுக்கே அது தெரியும். அந்தக் குறிப்பு கையில் இருந்தால் நள்ளிரவுக் கெடு யாரையும் அவசரப்படுத்த முடியாது. கம்பெனியின் கம்ப்யூட்டர் பல ஆண்டு விலைகளை நினைவில் வைத்திருக்கிறது. நாம் இரண்டு வார விலையையாவது ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாம்.

ஆசிரியர் இப்போது அப்படித்தான் செய்கிறார். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் கோடு போட்டு, ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் விமானத்தின் முழு விலை, மூன்றாவதில் ரயிலில் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பின் விலை என்று எழுதி வருகிறார். மனைவியாருக்கு முழங்கால் தேறிவிட்டது. சென்ற வாரம் மறுபடியும் ஒரு பாதிக் கட்டண அறிவிப்பு வந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முந்தைய வாரத்து விலையைவிட நாற்பது ரூபாய் அதிகமாக இருந்ததாம்.